கட்டிக்கும் குறி உண்டு: அரிதான மார்புக் கட்டிகளை இனங்காணும் முறை

இப்பாடத்தின் நோக்கம்

மார்பில் தோன்றும் கட்டிகள் எல்லாம் ஒன்றல்ல என்பதை விளங்கிக்கொள்ளுதல். வெட்டியெடுத்த சதைத்துண்டை ஆய்வுகூடத்தில் எவ்வாறு சோதிக்கின்றார்கள் என்பதை அறிதல். இடம்பெயர்ந்த குடும்பங்கள் தமது நோய் அறிக்கைகளைக் காப்பாற்றிக்கொள்ளும் வழிகளைக் கலந்துரையாடுதல்.

1. மாட்டுக்குறியும் கலத்தின் குறியும்

மாடு வளர்க்கும் குடும்பத்துக்குக் குறி என்றால் என்னவென்று எவரும் கற்பிக்கத் தேவையில்லை. மேய்ச்சல் தரையில் நூறு மாடுகள் கலந்து நிற்கும். நிறமும் உயரமும் ஏறக்குறைய ஒன்றுதான். எனினும் உடலில் சுட்ட குறியைப் பார்த்தவுடன், இது இன்னாருடைய மாடு, இன்ன ஊர்ப் பட்டி என்று பட்டிக்காரர் சொல்லிவிடுவார். பட்டி கலைந்து மாடு காடேறினாலும் குறி அழிவதில்லை.

எமது உடல் கோடிக்கணக்கான கலங்களால் ஆனது. கலம் என்பது உயிரின் மிகச் சிறிய அலகு. கலங்கள் சேர்ந்து அமைவது இழையம். நாம் சாதாரணமாகச் சதை என்று சொல்வதும் ஓர் இழையமே. பாற்குழாயின் கலம், தோலின் கலம், இரத்தத்தின் வெண்குழியம் ஆகிய ஒவ்வொன்றும் தனக்கேயுரிய சில புரதங்களை ஆக்குகின்றது. அப்புரதமே அக்கலத்தின் குறி. கலம் கெட்டுப் புற்றுநோயாக மாறினாலும், தான் பிறந்த இடத்தின் குறியை அது பெரும்பாலும் சுமந்துகொண்டே இருக்கும். அந்தக் குறியைத் தேடிப் பிடித்தால், கட்டி எந்தக் கலத்தில் பிறந்தது, எந்த மருந்துக்கு அடங்கும் என்பதை அறியலாம்.

2. ஒன்றுபோலத் தோன்றும் மூன்று கட்டிகள்

இலங்கைப் பெண்களிடையே மிகக் கூடுதலாகக் காணப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோயே. ஆனால் மார்பில் தோன்றும் எல்லாக் கட்டியும் புற்றுநோய் அல்ல. இளம் பெண்களிடம் காணப்படும் கட்டிகளில் பெரும்பாலானவை தீங்கற்றவை. சில வேளைகளில் காசநோய்கூட மார்பில் கட்டியாக வருவதுண்டு. அதனைக் காசநோய் மருந்தினால் குணமாக்கலாம்.

புற்றுநோயாக இருந்தாலும் அவற்றில் மிகப் பெரும்பாலானவை பாற்குழாயிலோ பாற்சோணையிலோ தொடங்கும் வழக்கமான வகையைச் சேர்ந்தவை. நூற்றில் ஒன்று, ஆயிரத்தில் ஒன்று என்று வரும் அரிதான வகைகளும் உண்டு. வைத்தியர்கள் தடுமாறும் இடம் இதுதான்.

உதாரணத்துக்கு மூன்று பெண்களை மனதில் வைத்துக்கொள்வோம். மூவருக்கும் தேசிக்காய் அளவில் வலியற்ற ஒரு கட்டி. கையால் தடவிப் பார்த்தால் மூன்றும் ஒன்றுபோலவே இருக்கின்றன.

முதலாமவருக்கு வந்திருப்பது லிம்போமா. இது நிணநீர்க் கலங்களில் பிறக்கும் புற்றுநோய். மார்பில் வரும் புற்றுநோய்களில் நூற்றுக்கு ஒன்றிலும் குறைவாகவே இது காணப்படும். இதற்கு மருந்தேற்றலே முதன்மையான சிகிச்சை. மார்பை அகற்றுவதால் இவருக்குப் பயன் இல்லை.

இரண்டாமவருக்கு வந்திருப்பது பிலோடிஸ் கட்டி. வெட்டிப் பார்த்தால் இலை இலையாகப் பிரிந்திருக்கும். ஆகவேதான் 1838 இல் ஜேர்மன் அறிஞர் யொகானஸ் முல்லர், இலை எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து இதற்குப் பெயரிட்டார். இதில் தீங்கற்றது, இடைநடுவானது, கொடியது என மூன்று தரங்கள் உண்டு. கட்டியைச் சுற்றியுள்ள நல்ல சதையையும் சிறிதளவு சேர்த்து வெட்டியெடுப்பதே சிகிச்சை. கமக்கட்டிலுள்ள நிணநீர்க் கணுக்களை அகற்றுவது பொதுவாகத் தேவைப்படாது.

மூன்றாமவருக்கு வந்திருப்பது மெற்றாபிளாஸ்ரிக் புற்றுநோய். பாற்குழாயின் கலமே உருமாறி, தசைக்கலம் போலவோ கசியிழையம் போலவோ வேடம் போடும் கொடிய வகை இது. நுணுக்குக்காட்டியில் பார்த்தால் இரண்டாமவரின் கட்டி என்றே சில வேளை எண்ணத் தோன்றும்.

பெயர் மாறினால் என்ன நடக்கும்? முதலாமவர் வீணாக மார்பை இழப்பார். இரண்டாமவர் தேவையற்ற சிகிச்சையை அனுபவிப்பார். மூன்றாமவரை "பயமில்லை" என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், நோயோ பரவிவிடும். கட்டியின் பெயரைச் சரியாக அறிவது படித்தவர்களின் விவாதத்துக்காக அல்ல. ஓர் உம்மாவின், ஓர் அம்மாவின் உயிருக்காக.

3. ஆய்வுகூடத்தில் நடப்பது என்ன?

முதற்படி, கட்டியிலிருந்து சிறு துண்டு எடுத்தல். மெல்லிய ஊசியால் உறிஞ்சி எடுத்தால் தனிக் கலங்கள் மாத்திரமே கிடைக்கும். சற்றுத் தடித்த ஊசியால் எடுத்தால் நூல் போன்ற இழையத்துண்டு கிடைக்கும். அரிதான கட்டிகளை இனங்காண இத்துண்டே உதவும்.

இரண்டாம்படி, எடுத்த துண்டை உடனடியாக போமலின் கரைசலில் இடுதல். மீனை வெயிலில் வைத்தால் கெடுவது போல, போமலினில் இடாத சதையும் கெடத் தொடங்கும்; அதனுடன் புரதக் குறிகளும் அழியும். துண்டை எடுத்து ஒரு மணித்தியாலத்துக்குள் போமலினில் இடவேண்டும் என்பதும், அதில் 6 மணித்தியாலத்துக்குக் குறையாமலும் 72 மணித்தியாலத்துக்கு மேற்படாமலும் ஊறவேண்டும் என்பதும் மார்புக் கட்டிகளுக்கான பொது விதி.

மூன்றாம்படி, துண்டை உருகிய மெழுகில் பதித்துக் கட்டியாக்குதல். அந்த மெழுகுக் கட்டியை ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் மூன்று அல்லது நான்கு பங்கு தடிப்பில் சீவி, கண்ணாடித் தட்டில் ஒட்டுவார்கள். எமது தலைமயிரின் தடிப்புடன் ஒப்பிட்டால் இச்சீவல் எவ்வளவு மெல்லியது என்பது விளங்கும்.

நான்காம்படி, சாதாரண நிறமூட்டல். ஊதாவும் இளஞ்சிவப்பும் ஏற்றி நுணுக்குக்காட்டியில் பார்ப்பார்கள். பெரும்பாலான கட்டிகளின் பெயர் இதிலேயே தெரிந்துவிடும். சந்தேகம் தீராதபோதும், புற்றுநோய்க்கு மருந்தைத் தெரிவுசெய்யும்போதும் குறிச்சோதனைக்குச் செல்வார்கள்.

ஐந்தாம்படி, குறிச்சோதனை. எமது உடலுக்குள் கிருமி புகுந்தால், அதனைப் பற்றிப்பிடிப்பதற்கென்று இரத்தத்தில் ஒரு பொருள் உண்டாகின்றது. அதன் பெயர் பிறபொருளெதிரி. தடுப்பூசி வேலைசெய்வதும் இவ்வழியாகவே. ஒரு பிறபொருளெதிரி தனக்குரிய ஒரு பொருளை மாத்திரமே பற்றும். ஒரு பூட்டுக்கு ஒரு திறப்புப் போல. மனிதப் புரதம் ஒன்றை முயலுக்கோ சுண்டெலிக்கோ ஏற்றினால், அப்புரதத்தைப் பற்றும் பிறபொருளெதிரியை அந்த விலங்கு ஆக்கித்தரும். அதனைச் சீவலின்மேல் இட்டு, பின்னர் நிறம் தரும் பொருளைச் சேர்த்தால், குறியுள்ள கலங்கள் மண்ணிறமாக மாறும். குறியில்லாத கலங்கள் நீலமாகவே நிற்கும்.

குறி உள்ளதென்று முன்னரே தெரிந்த வேறோர் இழையத்தையும் அதே வேளையில் சேர்த்துச் சோதிப்பார்கள். அது மண்ணிறமாகாவிட்டால் அன்றைய சோதனை செல்லாது. விதைநெல்லை முளைக்கவைத்துப் பார்த்த பின்னரே விதைக்கும் எமக்கு இந்த எச்சரிக்கை புதியதல்ல.

இம்முறைக்கு வித்திட்டவர் அமெரிக்காவின் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அல்பேர்ட் கூன்ஸ். 1941 இல் அவரும் உடன் ஆய்வாளரும் ஒளிரும் சாயத்தைப் பிறபொருளெதிரியுடன் இணைத்துக் காட்டினர். 1975 இல் இங்கிலாந்தின் கேம்பிறிட்ஜில் கோலர், மில்ஸ்ரைன் ஆகிய இருவரும், ஒரே வகைப் பிறபொருளெதிரியை வேண்டிய அளவுக்கு ஆக்கும் வழியைக் கண்டனர். 1984 இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

4. பசு காட்டிய வழி

குறிக்கும் மருந்துக்கும் உள்ள தொடர்பை விளங்கிக்கொள்ள, விவசாயிகளுடன் தொடர்புள்ள ஒரு வரலாற்றைப் பார்ப்போம். ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ஜோர்ஜ் பீற்சன் என்னும் சத்திரசிகிச்சை வைத்தியர் இருந்தார். கன்று ஈன்ற பசுவின் சூலகங்களை அகற்றினால் அது நீண்ட காலம் பால் தரும் என்று சில நாடுகளின் விவசாயிகள் அறிந்திருந்தனர். சூலகத்துக்கும் மார்புக்கும் தொடர்பு இருக்கவேண்டும் என்று பீற்சன் சிந்தித்தார். முற்றிய மார்பகப் புற்றுநோயுள்ள ஒரு பெண்ணின் சூலகங்களை அவர் அகற்ற, சில மாதங்களில் கட்டி கரைந்தது. 1896 இல் இதனை உலகுக்கு அறிவித்தார். ஆயினும் மற்றவர்கள் இதனைச் செய்துபார்த்தபோது சிலருக்கே பலன் கிடைத்தது. பலருக்குக் கிடைக்கவில்லை. காரணம் அன்று தெரியவில்லை.

1950களின் கடைசியில் சிக்காகோவில் எல்வுட் ஜென்சன் என்பவரின் ஆய்வுகள் விடையைத் திறந்தன. சூலகம் சுரக்கும் ஈஸ்திரோஜன் என்னும் ஓமோனைப் பற்றிக்கொள்ள, சில கலங்களில் 'வாங்கி' என்னும் ஒரு புரதம் உண்டு. வாங்கி உள்ள கட்டி ஓமோனால் வளரும். ஓமோனைத் தடுத்தால் ஒடுங்கும். வாங்கி இல்லாத கட்டிக்கு ஓமோன் சிகிச்சையால் பயன் இல்லை.

ஆகவே இன்று எந்த மார்பகப் புற்றுநோய்க்கும் மூன்று குறிகளைப் பார்ப்பது வழக்கம்: ஈஸ்திரோஜன் வாங்கி, புரொஜெஸ்தரோன் வாங்கி, ஹேர்-2. நூறு கலக் கருக்களில் ஒன்றாவது மண்ணிறமானால் ஈஸ்திரோஜன் வாங்கி உண்டு என்று கொள்வார்கள். அவ்வாறானவர்களுக்கு தமொக்சிபென் போன்ற மாத்திரைகள் கொடுக்கப்படுகின்றன. பொதுவாக 5 ஆண்டுகளாவது நாள்தோறும் குடிக்கவேண்டும். ஹேர்-2 புரதம் மிகுந்த கட்டிகளுக்கு ட்ரஸ்ருசுமாப் என்னும் மருந்து உண்டு. அமெரிக்காவில் அது 1998 இல் அனுமதிக்கப்பட்டது.

5. அரிதான கட்டிகளின் குறிகள்

மேலே கண்ட மூன்று பெண்களிடம் திரும்புவோம். முதலாமவரின் கட்டியில் சைற்றோகெரற்றின் என்னும் பாற்குழாய்க் கலத்தின் புரதம் இல்லை. வெண்குழியங்களின் குறியாகிய சிடி-45 உண்டு. பெரும்பாலான வேளைகளில் சிடி-20 உம் இருக்கும். ஆகவே அது லிம்போமா. மூன்றாமவரின் கட்டி எத்தனை வேடம் போட்டாலும், சைற்றோகெரற்றினும் பி-63 என்னும் குறியும் அதன் பிறப்பைக் காட்டிக்கொடுக்கும். இரண்டாமவரின் பிலோடிஸ் கட்டியில், இடைநார்க் கலங்கள் சிடி-34 என்னும் குறியைப் பெரும்பாலும் காட்டும். கொடிய தரத்தில் அது குறைந்துபோவதுண்டு.

இங்கே ஒரு எச்சரிக்கை. கொடிய பிலோடிஸ் கட்டிகள் சிலவற்றில் பி-63 உம் சைற்றோகெரற்றினும் ஆங்காங்கே தோன்றலாம். ஒரு குறியை மாத்திரம் நம்பித் தீர்ப்புச் சொல்லமுடியாது. ஒரே குறியைச் சுட்ட இரண்டு பட்டிகள் இருந்தால், காது வெட்டையும் கொம்பையும் பார்ப்பது போல, பல குறிகளைச் சேர்த்து, நுணுக்குக்காட்டியில் தெரியும் வடிவத்துடன் ஒப்பிட்டே நோயியல் நிபுணர் முடிவுசெய்வார்.

மூன்று குறிகளும் இல்லாத கட்டிகளை 'மும்மறை' வகை என்பார்கள். அவை பொதுவாக வேகமானவை. ஆனால் செக்ரிற்றரி புற்றுநோய் என்னும் மிக அரிதான வகை, பெரும்பாலும் மும்மறையாக இருந்தும் மெதுவாகவே வளரும். 1966 இல் சிறுவர்களிடம் கண்டு விவரிக்கப்பட்ட இது, வளர்ந்தோருக்கும் வருவதுண்டு. இரண்டு மரபணுக்கள் உடைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதே இதன் காரணம் என்று 2002 இல் தெரியவந்தது. அந்த ஒட்டினால் உண்டாகும் புரதத்தையும் இன்று குறிச்சோதனையால் தேடலாம். அதனைத் தடுக்கும் மருந்தும் 2018 இல் வந்துவிட்டது. அறிக்கையில் 'மும்மறை' என்ற சொல்லை மாத்திரம் கண்டு ஒரு குடும்பம் நம்பிக்கை இழக்கத் தேவையில்லை. கட்டியின் முழுப்பெயர் என்ன என்றும் கேட்கவேண்டும்.

ஆண்களும் கவனிக்கவேண்டும். மார்பகப் புற்றுநோயாளர் நூறு பேரில் ஏறக்குறைய ஒருவர் ஆண். வாப்பாவின் அல்லது அப்பாவின் முலைக்காம்பின் கீழ் கட்டி தோன்றினால் அதனையும் காட்டவேண்டும். ஆண்களின் இக்கட்டிகளில் பெரும்பாலானவை ஈஸ்திரோஜன் வாங்கி உள்ளவை, மருந்துக்கு அடங்கக்கூடியவை.

6. அரிதானதை ஆராய்வதற்குப் பலர் சேரவேண்டும்

ஒரு வைத்தியசாலையில் ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ வரும் கட்டியை வைத்து எந்த மருந்து நல்லது என்று சொல்லமுடியாது. ஒரு வயலின் விளைச்சலை மாத்திரம் பார்த்து ஒரு நெல்லினத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்லமுடியாததைப் போன்றதே இதுவும். ஆகவே பல நகரங்களின் மெழுகுக் கட்டிகளை ஒன்றுசேர்த்து ஆராய்கின்றார்கள். 1998 இல் ஒரு புதிய முறை வந்தது. ஒவ்வொரு மெழுகுக் கட்டியிலிருந்தும் ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்த விட்டமுள்ள துண்டை எடுத்து, நாற்று நடுவது போல வரிசையாக இன்னொரு மெழுகில் நடுகின்றார்கள். நூற்றுக்கணக்கான நோயாளிகளின் கட்டிகளை ஒரே தட்டில், ஒரே நாளில், ஒரே குறிக்காகச் சோதிக்க இதனால் முடிகின்றது.

எமது நாட்டவரும் இப்பணியில் உள்ளனர். உலக சுகாதார நிறுவனம் மார்புக் கட்டிகளை வகைப்படுத்தி 2019 இல் வெளியிட்ட ஐந்தாம் பதிப்பின் பதிப்பாசிரியர்களுள் ஒருவர், கொழும்பு மருத்துவ பீடத்தில் நோயியல் பேராசிரியராக இருந்த டிலானி லொகுஹெட்டி. உலகெங்கும் நோயியல் நிபுணர்கள் கட்டிகளுக்குப் பெயரிடப் பார்ப்பது அந்த நூலையே. காலியில், ருகுணுப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் பேராசிரியர் லக்மினி முதுவ, மார்பகப் புற்றுநோய்களின் ஓமோன் வாங்கிகளை ஆராய்ந்து 2009 இல் கட்டுரை வெளியிட்டார். கரையோரக் கிழக்கின் பெண்களும் இத்தகைய ஆய்வுகளில் எண்ணப்படும்போதே எமக்கான விடைகளும் கிடைக்கும். ஆய்வுக்கு உங்கள் துண்டைக் கேட்டால், எதற்காக என்று விளங்கப்படுத்தும்படி கேட்கலாம். சம்மதிக்கவும் மறுக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. மறுத்தால் சிகிச்சை குறையக்கூடாது.

7. இடம்பெயர்ந்தவர்களுக்கு இது ஏன் முக்கியம்?

1990 இல் எமது மாவட்டத்தின் தமிழ், முஸ்லிம் கிராமங்கள் பலவற்றிலிருந்து குடும்பங்கள் உடுத்த உடையுடன் வெளியேறின. 2004 டிசம்பர் 26 இல் மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருதுக் கரைகளில் வீடுகளைக் கடல் கொண்டுபோனது. காணி அனுமதிப்பத்திரத்தை இழந்தவர்கள் அதன் பிரதிக்காக எத்தனை அலுவலகப் படிகள் ஏறினார்கள் என்பது எமக்குத் தெரியும். நோய் அறிக்கையும் அதுபோன்ற ஓர் உறுதியே. அது தொலைந்தால், மாத்திரை குடிக்கும் பெண்ணுக்கு ஏன் குடிக்கின்றோம் என்பது தெரியாது. புதிய வைத்தியருக்கு எந்த வகைக் கட்டி என்பது தெரியாது. 5 ஆண்டு மாத்திரை இரண்டாம் ஆண்டிலேயே நின்றுவிடும்.

இதிலே ஓர் ஆறுதல் உண்டு. கடதாசி தொலைந்தாலும், மெழுகுக் கட்டியை ஆய்வுகூடம் பல ஆண்டுகள் பேணிவைக்கும். ஒவ்வொரு மெழுகுக் கட்டிக்கும் ஓர் இலக்கம் உண்டு. அந்த இலக்கமும், சோதனை நடந்த வைத்தியசாலையின் பெயரும், ஆண்டும் தெரிந்தால் பழைய அறிக்கையைத் தேடலாம். அன்று செய்யாத குறிச்சோதனையை இன்று செய்விக்கவும் பல வேளைகளில் முடியும்.

8. நாம் செய்யக்கூடியவை

அ) கட்டி, தோலில் குழிவு, முலைக்காம்பு உட்செல்லுதல், இரத்தக் கசிவு, ஆறாத புண், கமக்கட்டில் வீக்கம் ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் தாமதியாது காட்டுங்கள். உங்கள் பகுதிக் குடும்ப நல உத்தியோகத்தரிடம் முதலில் சொல்லலாம். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள் நடத்தும் சுகவனிதையர் கிளினிக்குகளில் மார்பையும் சோதிக்கின்றார்கள். பெண் வைத்தியர் வேண்டும் என்று கேட்பதில் வெட்கம் இல்லை.

ஆ) "ஊசி பட்டால், கத்தி பட்டால் நோய் பரவும்" என்ற பேச்சை நம்பவேண்டாம். ஊசியால் துண்டு எடுத்துப் பார்ப்பதனால் நோயாளியின் ஆயுள் குறைகின்றது என்பதற்கு ஆதாரம் இல்லை. தாமதத்தினால் ஆயுள் குறையும் என்பதற்கு ஆதாரம் நிறைய உண்டு.

இ) எங்கே கட்டியை வெட்டினாலும், எவ்வளவு சிறியதாக இருந்தாலும், "துண்டை ஆய்வுகூடத்துக்கு அனுப்புகின்றீர்களா?" என்று கேளுங்கள். எறிந்த துண்டுக்குப் பெயர் கிடையாது.

ஈ) துண்டை வேறு ஊருக்குக் கொண்டுபோகும்படி உங்கள் கையில் தந்தால், வைத்தியசாலை போமலின் இட்டு மூடித்தந்த போத்தலிலேயே கொண்டுசெல்லுங்கள். தண்ணீரிலோ வெறும் பையிலோ மாற்றவேண்டாம். வழியில் ஒரு நாள்கூடத் தங்கவேண்டாம்.

உ) குறிச்சோதனை எல்லா வைத்தியசாலைகளிலும் நடப்பதில்லை. மாதிரியை வெளியூருக்கு அனுப்ப நேரலாம். 2022 இன் பொருளாதார நெருக்கடியில் மருந்துகளுக்கும் ஆய்வுகூடப் பொருட்களுக்கும் தட்டுப்பாடு ஏற்பட்டதை மறக்கவில்லை. ஆகவே எங்கே அனுப்புகின்றார்கள், எப்போது முடிவு வரும், செலவு உண்டா என்பவற்றை முதலிலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். முடிவு வராவிட்டால் திரும்பவும் போய்க் கேளுங்கள்.

ஊ) அறிக்கையின் இலக்கம், வைத்தியசாலை, திகதி, கட்டியின் பெயர், மூன்று குறிகளின் முடிவு ஆகிய ஐந்தையும் கிளினிக் கொப்பியின் முதற்பக்கத்தில் எழுதுங்கள். அறிக்கையின் பிரதி ஒன்றை வேறு ஊரிலுள்ள உறவினரிடம் கொடுத்துவையுங்கள். கைத்தொலைபேசியில் படம் பிடித்து வைப்பதும் நல்லது. தேசிய அடையாள அட்டையும் காணிப் பத்திரமும் வைக்கும் அதே உறையில் இதுவும் இருக்கட்டும். எழும்பி ஓடவேண்டி வந்தால் முதலில் கை போவது அந்த உறைக்குத்தானே.

குழுவாகக் கலந்துரையாட

1. எமது கிராமத்துப் பெண்கள் கட்டியை மறைப்பதற்கான காரணங்கள் யாவை? அவற்றில் வெட்கம் எவ்வளவு, பயணச் செலவு எவ்வளவு, கணவன்மாரின் அசட்டை எவ்வளவு?

2. மூன்று பெண்களின் உதாரணத்தை உங்கள் சொந்த வார்த்தையில் பக்கத்து வீட்டாருக்குச் சொல்லிப்பாருங்கள். எந்த இடத்தில் விளங்கவில்லை என்கின்றார்கள்?

3. கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்கோ மகரகமைக்கோ சிகிச்சைக்குச் செல்லும் ஒரு தாயின் பிள்ளைகளையும் வயலையும் கவனிக்க, மாதர் சங்கமும் விவசாயச் சங்கமும் என்ன ஒழுங்கு செய்யலாம்?

4. எமது குழுவில் அறிக்கையை இழந்தவர் யாராவது உண்டா? சோதனை நடந்த இடத்தையும் ஆண்டையும் அவருக்கு நினைவுபடுத்திக் கடிதம் எழுதிக்கொடுக்க முன்வருபவர் யார்?